கயிறு அறுகிறது, என்ஜின் கிளம்பவில்லை!

அதிகாலை 4 மணி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். பைபர் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். வலை ஏறிவிட்டது. ஐஸ் பெட்டி ஏறிவிட்டது. சோற்று வாளியும் ஏறிவிட்டது.

ஆனால் என்ஜின் கிளம்பவில்லை!

இளைஞன் கயிற்றை இழுக்கிறான். "டுர்ர்..." என்கிறது. நின்றுவிடுகிறது. மறுபடியும் இழுக்கிறான். மறுபடியும் நின்றுவிடுகிறது. பத்து தடவை, இருபது தடவை, முப்பது தடவை! உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்துப் படகுகள் எல்லாம் போய்விட்டன.

"பெரியப்பா, இது இன்னைக்குக் கிளம்பாது. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்" என்கிறான்.

பெரியவர் எழுந்து வருகிறார். என்ஜினை அவர் தொடவில்லை. எண்ணெய் டேங்கைப் பார்க்கிறார். அதன் மூடியின் மேல் உள்ள சிறு திருகைத் திருப்புகிறார். "உஸ்" என்று சத்தம் கேட்கிறது.

"இப்ப இழு, மக்களே!"

ஒரே இழுப்பு. என்ஜின் கிளம்பிவிட்டது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஒரு சிறு வழி உண்டு. அதை நேற்று மூடியவர்கள் இன்று திறக்க மறந்துவிட்டார்கள். காற்று உள்ளே போகாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் காட்சியை நம் கடற்கரையில் எங்கும் காணலாம். ஒரு சிறு திருகுக்காக ஒரு நாள் பிழைப்பே போய்விடுகிறது. வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்தத் திருகின் கையில் இருக்கிறது. ஆகவேதான் இந்த வாரம் படகு என்ஜினைப் பற்றி எழுதுகிறோம்.

மீன் பிடிப்பவர்கள் மட்டும் படித்தால் போதாது. அவர்களுடைய மனைவியரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் படிக்கவேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

துடுப்பை ஓரம்கட்டிய எந்திரம்

படகின் பின்பக்கத்தில், வெளியே தொங்கும்படி மாட்டும் என்ஜினுக்கு "அவுட்போர்டு" என்று பெயர். இதை வேண்டும்போது மாட்டலாம். வேண்டாதபோது கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கரையில் ஏற்றி வைக்கும் சிறு படகுகளுக்கு இதுவே வசதி.

இதை உலகம் எங்கும் பரப்பியவர் ஓலே எவின்ரூட் என்பவர். 1877-ம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் போனார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் ஒரு நாள் ஏரியின் நடுவே உள்ள தீவுக்குத் தம் காதலியுடன் உல்லாசமாகப் போயிருந்தார். நல்ல வெயில். "ஐஸ்கிரீம் சாப்பிடவேண்டும் போல் இருக்கிறது" என்றாள் காதலி. ஓலே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போனார். ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பினார். வந்து சேருவதற்குள் அது உருகிவிட்டது! "துடுப்புக்குப் பதில் எந்திரம் இருந்தால்?" என்று அன்றைக்குத்தான் யோசித்தாராம்.

கதை எப்படியோ, 1909-ம் ஆண்டில் அவருடைய என்ஜின் விற்பனைக்கு வந்தது. அந்தக் காதலிதான் அவருடைய மனைவி பெஸ். விளம்பரம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் அந்த அம்மையார்தான் கவனித்தார். கணவர் எந்திரம் செய்தார். மனைவி தொழிலை நடத்தினார். எவின்ரூட் பெயரில் என்ஜின் செய்வது 2020-ம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் அவர் காட்டிய வழியில் இன்று பல கம்பெனிகள் என்ஜின் செய்கின்றன.

நம் கடற்கரையில் 1980-ம் ஆண்டுகளில் இருந்து சிறு படகுகளில் என்ஜின் பரவியது. 26-12-2004 அன்று சுனாமி வந்தது. கட்டுமரங்களை அள்ளிக்கொண்டு போனது. நிவாரணமாகப் பல ஊர்களுக்குப் பைபர் படகும் என்ஜினும் கிடைத்தன. துடுப்பும் பாயும் தெரிந்த கைகளில் என்ஜின் கயிறு வந்தது.

எந்திரம் வந்தது. ஆனால் எந்திரத்தைப் பற்றிய அறிவு கூடவே வந்ததா? அதுதான் கேள்வி.

மூன்றே மூன்று காரணம்

என்ஜின் கிளம்பாததற்கு நூறு காரணம் சொல்வார்கள். பயப்படவேண்டாம். எல்லாம் மூன்றுக்குள் அடங்கும்.

ஒன்று: எண்ணெய் போகவில்லை.

இரண்டு: தீப்பொறி விழவில்லை.

மூன்று: உள்ளே அழுத்தம் இல்லை.

வீட்டில் பம்ப் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் எண்ணெய் வேண்டும், காற்று அழுத்தம் வேண்டும், தீக்குச்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு எரியாது. என்ஜினும் அப்படித்தான். தீக்குச்சிக்குப் பதிலாக அங்கே "ஸ்பார்க் பிளக்" இருக்கிறது.

ஆகவே கயிற்றை முப்பது தடவை இழுக்காதீர்கள். ஐந்தாறு தடவை இழுத்தும் கிளம்பாவிட்டால் நிறுத்துங்கள். கைக்கு ஓய்வு கொடுங்கள். கண்ணுக்கு வேலை கொடுங்கள்!

முதலில் பார்க்கவேண்டியவை

எந்த ஆணியையும் கழற்றுவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள். இதற்குக் காசு செலவு இல்லை.

சிவப்புக் கயிறு: என்ஜினில் ஒரு சிறு கிளிப் இருக்கும். அதில் ஒரு சுருள் கயிறு தொங்கும். அந்தக் கிளிப் அதன் இடத்தில் இல்லாவிட்டால் என்ஜின் கிளம்பவே கிளம்பாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்காக வைத்த ஏற்பாடு அது. கிளிப்பை மாட்டுங்கள். கயிற்றின் மறுமுனையை உங்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கியர்: முன்னேயும் இல்லாமல் பின்னேயும் இல்லாமல், நடுவில் இருக்கவேண்டும். பல என்ஜின்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே இழுக்க வராது.

டேங்க் திருகு: பெரியவர் திறந்தாரே, அதுதான்.

எண்ணெய்க் குழாய்: இரண்டு முனையும் "கிளிக்" என்று பொருந்தி இருக்கிறதா? பாதி பொருந்தி இருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றுதான் போகும்.

கை பம்ப்: குழாயின் நடுவே முட்டை போல ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறது. அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு என்ஜினைப் பார்க்கவேண்டும். உருண்டையை அமுக்குங்கள். சில தடவை அமுக்கியதும் கல் மாதிரி கெட்டியாகவேண்டும். எத்தனை தடவை அமுக்கினாலும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. அல்லது உருண்டைக்குள் இருக்கும் அடைப்பான் கெட்டுவிட்டது. அல்லது டேங்கில் எண்ணெயே இல்லை! ஓடும்போது உருண்டை சப்பிப்போனால் டேங்க் திருகு மூடி இருக்கிறது, அல்லது டேங்க் பக்கம் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சோக்: குளிர்ந்த என்ஜினுக்கு மட்டும் சோக்கை இழுக்கவேண்டும். கிளம்பியதும் உள்ளே தள்ளிவிடவேண்டும். சூடான என்ஜினுக்குச் சோக் தேவை இல்லை.

கயிற்றை இழுப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் மெல்ல இழுங்கள். ஓர் இடத்தில் பிடிக்கும். அங்கே இருந்து "சட்" என்று வேகமாக இழுங்கள். பிறகு கயிற்றை அப்படியே விட்டுவிடாமல், கையோடு கொண்டுபோய் விடுங்கள். கயிறும் அதன் சுருளும் நீண்ட நாள் உழைக்கும். இழுப்பதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்கள் முழங்கை யார் முகத்திலாவது படக்கூடாது!

பிளக் சொல்லும் செய்தி

இவ்வளவும் சரியாக இருந்தும் கிளம்பவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல, பிளக்கின் நுனியைப் பாருங்கள்.

நுனி காய்ந்து இருக்கிறதா? எண்ணெய் உள்ளே வரவில்லை. குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் இவற்றைப் பார்க்கவேண்டும்.

நுனி எண்ணெயில் நனைந்து இருக்கிறதா? எண்ணெய் வருகிறது. ஆனால் அளவுக்கு மேல் வந்துவிட்டது. அல்லது தீப்பொறி இல்லை.

நுனியில் தண்ணீர்த் துளி இருக்கிறதா? எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

கன்னங்கரேல் என்று கரி பிடித்திருக்கிறதா? ஆயில் கூடுதலாகக் கலந்திருக்கலாம். அல்லது சோக்கை இழுத்தபடியே ஓட்டி இருக்கலாம். துடைத்துப் போடலாம். புதிய பிளக் போடுவது இன்னும் நல்லது.

"எண்ணெய் குடித்துவிட்ட" என்ஜினுக்கு வைத்தியம் எளிது. சிவப்புக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். அப்போது தீப்பொறி வராது. பிளக்கை வெளியே எடுத்துவிட்டு, கயிற்றைச் சில தடவை இழுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெய் வெளியே வந்துவிடும். துடைத்துவிடுங்கள். சற்றுப் பொறுங்கள். காய்ந்த பிளக்கைப் போட்டு, கிளிப்பை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும்.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு என்ஜினின் இரும்பில் படும்படி பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்தால் நுனியில் நீல நிறத்தில் பொறி தெரியும். பொறி மங்கலாக, மஞ்சளாக இருந்தால் பலம் இல்லை என்று பொருள்.

ஆனால் எச்சரிக்கை! பிளக்கை வெறும் கையால் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். சிந்திய எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்கள். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் பொறியைக் காட்டாதீர்கள். உள்ளே இருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. டேங்க் மூடி திறந்திருக்கக்கூடாது.

மண்எண்ணெய் செய்யும் சேட்டை

நம் பக்கத்தில் பல படகுகளில் மண்எண்ணெயில் ஓடும் என்ஜின் இருக்கிறது. பெட்ரோலை விட மண்எண்ணெய்ச் செலவு குறைவு என்று வாங்குகிறார்கள். ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு.

மண்எண்ணெய் எளிதில் ஆவி ஆகாது. குளிர்ந்த என்ஜினில் அது பற்றிக்கொள்ளாது. ஆகவே பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகே மண்எண்ணெய்க்கு மாற்றவேண்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது செய்யவேண்டியதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். என்ஜினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிவிடவேண்டும். கார்புரேட்டரில் உள்ள மண்எண்ணெய் தீர்ந்து, பெட்ரோல் வந்து நிற்கவேண்டும். அப்போதுதான் மறுநாள் காலையில் சுலபமாகக் கிளம்பும்.

"நேற்று நன்றாக ஓடியதே, இன்று ஏன் கிளம்பவில்லை?" என்று கேட்பவர்கள், நேற்று எந்த எண்ணெயில் நிறுத்தினோம் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மண்எண்ணெயிலேயே நின்றுபோன என்ஜினாக இருந்தால், கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். கடலில் ஊற்றவேண்டாம். பிறகு கை பம்பை அமுக்கிப் பெட்ரோலை நிரப்பிக் கிளப்புங்கள்.

பெட்ரோலிலும் தண்ணீர்!

இன்னொரு செய்தி. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயச் சத்து 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் பிரியம். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பது நமக்குத் தெரியும். தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்கில் இருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது! முதல் இழுப்பில் என்ஜினுக்குப் போவது எது? தண்ணீர்தான்.

ஆகவே வாரக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் டேங்கைக் காலி செய்து வையுங்கள். கரைக்கு வந்ததும் டேங்க் திருகை மூடுங்கள். கடலுக்குப் போகும்போது மறக்காமல் திறங்கள். எண்ணெய் ஊற்றும்போது மெல்லிய சல்லடை உள்ள புனலில் ஊற்றுங்கள். கேனின் அடியில் தங்கும் கடைசி எண்ணெயை ஊற்றாதீர்கள்.

சந்தேகம் வந்தால், டேங்கின் அடியில் உள்ள எண்ணெயில் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீர். சந்தேகமே வேண்டாம்.

எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால், பிசுபிசு என்று இருந்தால், மாற்றிவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் கலக்கவேண்டும். எவ்வளவு? பல என்ஜின்களுக்கு 50-க்கு 1. அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். புது என்ஜினுக்கும், மண்எண்ணெய் என்ஜினுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். உங்கள் என்ஜினுக்கு எவ்வளவு என்பது என்ஜினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதுவே சட்டம். கண் அளவு, கை அளவு கூடாது. ஆயில் கூடினால் பிளக் கரி பிடிக்கும். ஆயில் குறைந்தால் என்ஜினே பிடித்துக்கொள்ளும்!

நாம் தொடக்கூடாதவை

கார்புரேட்டரில் ஊசித் துவாரம் போல ஒரு வழி உண்டு. அதை "ஜெட்" என்பார்கள். அது அடைபட்டாலும் என்ஜின் கிளம்பாது. பம்ப் அடுப்புக்குப் பின் போடுவது போல இதற்கும் கம்பி போட்டுக் குத்துகிறார்கள். கூடாது! துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் எண்ணெய் அதிகம் குடிக்கும். ஜெட்டைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, காற்று ஊதித்தான் சுத்தம் செய்யவேண்டும்.

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் "சர்ர்" என்று வருகிறதா? உள்ளே அழுத்தம் இல்லை. ரிங் தேய்ந்திருக்கலாம், கேஸ்கட் போயிருக்கலாம். கியர் நடுவில் இருந்தும் கயிறு அசையவே இல்லையா? என்ஜின் பிடித்திருக்கலாம்; உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். பலம் போட்டு இழுக்காதீர்கள். இவை இரண்டும் மெக்கானிக் பார்க்கவேண்டியவை. எது நம் வேலை, எது மெக்கானிக் வேலை என்று தெரிந்துகொள்வதும் அறிவுதான்.

ஒரு டிரம் நல்ல தண்ணீர்

என்ஜினுக்கு முதல் எதிரி உப்பு. கடலில் இருந்து வந்ததும், ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினின் அடிப்பகுதியை அதில் மூழ்கவிட்டு, கியர் போடாமல் 10 நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே உள்ள உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். பின்பக்கம் ஒரு துவாரத்தில் தண்ணீர் பீச்சி அடிக்கும். அடித்தால், தண்ணீர் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். அடிக்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், புகை விஷம்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட என்ஜினை ஓட்டாதீர்கள். "கிளம்புகிறதா என்று பார்க்கிறேன்" என்று கரையில் வைத்துக் கிளப்புவார்கள். தண்ணீர் பம்பின் உள்ளே ரப்பர் இலை இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அது சில விநாடிகளில் தீய்ந்துவிடும்.

என்ஜின் கடலில் விழுந்துவிட்டதா? எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். பிளக்கைக் கழற்றி, உள்ளே உள்ள தண்ணீரை வெளியே தள்ளவேண்டும். உள்ளே ஆயில் விடவேண்டும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோகவேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால், நாளைக்குத் துருவைத்தான் பார்க்கலாம்.

நடுக்கடலில் நின்றுவிட்டால்?

கரையில் என்ஜின் கிளம்பாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். கடலில் கிளம்பாவிட்டால்?

நீவாடு படகை இழுத்துக்கொண்டு போகும். காற்று தள்ளிக்கொண்டு போகும். பாக் நீரிணைப் பக்கம் என்றால் ஆபத்து இரட்டிப்பு. 1974, 1976-ம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தங்களின்படி அங்கே கடலில் எல்லைக்கோடு இருக்கிறது. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. "என் என்ஜின் நின்றுவிட்டது" என்று தண்ணீரிடம் சொல்ல முடியாது.

ஆகவே கடலில் என்ஜின் நின்றால், முதல் வேலை கயிறு இழுப்பது அல்ல. ஆழம் குறைவாக இருந்தால் நங்கூரம் போடுங்கள். துடுப்பைப் போட்டுப் படகின் முன்பக்கத்தை அலைக்கு நேராக வையுங்கள். எல்லாரும் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் படகுக்குக் குரல் கொடுங்கள். பிறகு மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவசரப்படாதீர்கள்.

கிளம்பாது என்று தெரிந்தால், இருட்டும் வரை காத்திருக்காமல் உதவி கேளுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. போன் எட்டாத தூரத்துக்கு வயர்லெஸ் கருவியில் 16-ம் சேனல் இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி இருந்தால், அதன் பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும்.

படகில் ஒரு சிறு பை இருக்கட்டும். அதில் இரண்டு புதுப் பிளக், பிளக் ஸ்பானர், குறடு, ஸ்குருடிரைவர், ஒரு முழக் கயிறு அல்ல, ஸ்டார்ட்டருக்கு அளவான ஒரு முழுக் கயிறு, எண்ணெய்க் குழாய்த் துண்டு, கிளிப், காய்ந்த துணி, டார்ச் லைட் ஆகியவை இருக்கட்டும். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். துடுப்பை மட்டும் கரையில் விட்டுவிடாதீர்கள். எத்தனை குதிரை சக்தி என்ஜின் இருந்தாலும் துடுப்புக்கு வேலை உண்டு.

நமது கோரிக்கை

கடைசியாக ஒன்று. இதைத்தான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

என்ஜின் வாங்கும்போது ஒரு புத்தகம் தருகிறார்கள். எப்படிக் கிளப்புவது, எவ்வளவு ஆயில் கலப்பது, எந்தப் பிளக் போடுவது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தால் யாருக்குப் பயன்? பிளாஸ்டிக் பையோடு பரண் மேல் போய்விடுகிறது!

பல ஆயிரம், சில சமயம் லட்சத்துக்கு மேல் பணம் வாங்குகிறவர்கள், பத்துப் பக்கம் தமிழில் அச்சிட்டுத் தரக்கூடாதா? பெரிய எழுத்தில், படத்துடன், புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கும் புரியும்படி தரக்கூடாதா? தரவேண்டும். மானியத்தில் என்ஜின் கிடைக்கிற இடத்தில், தமிழ்ப் புத்தகம் இருந்தால்தான் மானியம் என்று அரசாங்கம் நிபந்தனை போடவேண்டும். மானியத்துடன் ஒரு நாள் பயிற்சியும் சேரவேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தான் இருக்கின்றன. பயிற்சிக்கு அதைவிட நல்ல காலம் கிடைக்குமா?

அதுவரை நாம் சும்மா இருக்கவேண்டியது இல்லை. உங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பெண்ணோ பையனோ இருப்பார்கள். பரணில் இருந்து அந்தப் புத்தகத்தை எடுங்கள். தூசியைத் தட்டுங்கள். "இதைப் படித்துச் சொல்லம்மா" என்று கேளுங்கள். ஆயில் எவ்வளவு, பிளக் எண் என்ன, எத்தனை நாளுக்கு ஒரு முறை எதை மாற்றவேண்டும் என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதை டேங்க் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டுங்கள்.

வீட்டு அம்மாமார்களுக்கும் ஒரு வேலை. என்ஜினுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பிளக் மாற்றிய தேதி, குழாய் மாற்றிய தேதி, மெக்கானிக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஓலே எவின்ரூட்டின் கணக்கை எழுதியதும் ஒரு பெண்தான்!

கிளம்பாத என்ஜினுக்குப் பெரும்பாலும் பெரிய வியாதி இருப்பது இல்லை. மூடிய ஒரு திருகு, நனைந்த ஒரு பிளக், ஒரு கரண்டித் தண்ணீர், இவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கும் அறிவு மெக்கானிக்கின் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. படகு கரையில் இருந்தால், சாயங்காலம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்ஜின் பக்கம் போங்கள். டேங்க் திருகு எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டுங்கள்.